விஞ்ஞானப் படங்கள்: வியப்பும் வினாவும்

திரையில் ஏவுகணை ஒன்று புறப்பட்டால் போதும். இரும்பு மனிதன் ஒருவன் நடந்தால் போதும். "இது விஞ்ஞானப் படம்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உடுப்பை மாற்றினால் ஆள் மாறிவிடுவதில்லை. பழைய மாயாஜாலப் படத்தில் மந்திரவாதியின் கையிலிருந்த கோலைப் பிடுங்கிவிட்டு, அங்கே ஒரு மின்பொத்தானைப் பொருத்தினால் கிடைப்பதும் மாயாஜாலப் படமே. மாயாஜாலப் படத்தை நான் குறைத்துக் கூறவில்லை. அதன் மடியில் வளர்ந்தவர்கள்தாமே நாம் எல்லோரும்! ஆயினும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமை யாது என்பதையும், அதை நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒன்றை மட்டும் மாற்றும் முறை

ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் செய்வது என்ன? வெப்பத்தை மாற்றும்போது அழுத்தத்தை மாறாமல் வைக்கிறோம். அழுத்தத்தை மாற்றும்போது வெப்பத்தைக் கட்டிப்போடுகிறோம். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால், எதனால் எது விளைந்தது என்று அறிய வழியில்லை. சிந்தனைக்குரிய விஞ்ஞானப் படமும் இந்த முறையையே கையாளுகிறது. நாம் வாழும் உலகில் ஒரே ஒரு செய்தியை மட்டும் அது மாற்றுகிறது: காலத்தில் பின்னோக்கிச் செல்ல முடிந்தால்? இயந்திரத்துக்கு அன்பு வந்தால்? மற்றவை எல்லாம், பசியும் பாசமும் பொறாமையும் கடன்காரனும் உட்பட, இருந்தபடியே இருக்கின்றன. பிறகு மனிதனுக்கு என்ன நேர்கிறது என்று அப்படம் பொறுமையாகப் பார்க்கிறது. அங்கே அளவுகோல் கதை. அளக்கப்படும் பொருள் மனித மனம்.

1902-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரான மெலியே சந்திரனுக்குப் பயணம் போகும் படம் ஒன்றை எடுத்துவிட்டார். அது வியப்புக்கு எடுத்த படம். 1972-இல் தார்க்கோவ்ஸ்கி என்னும் ருசிய இயக்குநர் எடுத்த "சோலாரிஸ்" படத்தில், வேற்றுக்கோளை ஆராயப் போனவன் அங்கே இறந்துபோன தன் மனைவியையே காண்கிறான். விண்வெளிக்குப் போயும் மனிதன் தன் மனச்சுமையை இறக்கிவைக்க முடியவில்லை! இது வினாவுக்கு எடுத்த படம். வியப்பு முதற்படி, வினா இரண்டாம் படி. முதற்படியில் கால் வைக்காமல் இரண்டாம் படிக்கு ஏறியவர் எவருமில்லை.

வடவன்னூரும் வேற்றுக்கோளும்

நம் முதற்படி எது? என் தலைமுறைக்கு அது எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் கட்டிய வெள்ளைத் துணி. பெரியவர்கள் முன்புறம் அமர்ந்திருக்க, இடம் கிடைக்காத சிறுவர்கள் திரைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வோம். அங்கிருந்து பார்த்தால் படம் இடவலம் மாறித் தெரியும். எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். எழுத்துகள் எல்லாம் திரும்பி நிற்கும். ஒளி துணியை ஊடுருவி வருவதால் இப்படித் தெரிகிறது என்பதைப் பிற்காலத்தில் பாடப்புத்தகத்தில் படித்தபோது, "இதுதானா?" என்று சிரிப்பு வந்தது.

அந்த எம்.ஜி.ஆர். விண்வெளிக்கும் போயிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1963-இல், ஏ. காசிலிங்கத்தின் இயக்கத்தில் வெளிவந்த "கலை அரசி" என்னும் படம் அது. இந்தியாவில் விண்வெளிப் பயணத்தைக் கதைப்பொருளாகக் கொண்ட முதற்படங்களுள் அதற்கு இடம் உண்டு. வேற்றுக்கோளில் விஞ்ஞானம் ஓங்கி வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆடலும் பாடலும் அங்கே குன்றிக் கிடக்கின்றன. ஆகவே அந்தக் கோளினர் பூமிக்கு வந்து, இசை வல்லவளான பெண் ஒருத்தியைத் தூக்கிச் செல்கின்றனர். பெண்ணாக நடித்தவர் பானுமதி. தூக்கிச் செல்பவர், சொல்லவா வேண்டும், நம்பியார்! அவளை மீட்கப் போகும் உழவர் எம்.ஜி.ஆர்.

இப்படத்தில் குறைகள் உண்டு. வேற்றுக்கோளினர் அனைவரும் நல்ல தமிழ் பேசுகின்றனர். கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் நாற்சந்தி கடப்பதற்குள் மொழி மாறுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கோள் கடந்தும் மொழி மாறாத அதிசயம் புன்னகையை வரவழைக்கிறது. ஆயினும் படம் எழுப்பும் வினா சிறியதன்று: அறிவில் நிறைந்த சமுதாயத்துக்குக் கலை எதற்கு?

அந்த ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். ககாரின் விண்வெளியைச் சுற்றி வந்தது 1961 ஏப்ரலில். "கலை அரசி" வந்த அதே 1963-இல், நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அங்கே ஒரு மாதாகோவிலே விஞ்ஞானிகளின் அலுவலகமாக இருந்தது. படத்தின் நாயகருக்கோ குடும்ப வேர் நம் பாலக்காட்டு வடவன்னூரில், பிறப்பு இலங்கையில், புகழ் தமிழ்நாட்டில். எல்லைகளைக் கடந்தே வளர்ந்த ஒருவர்தாம் தமிழ்த்திரையில் பூமியின் எல்லையையும் கடந்தார்.

இயந்திரத்தின் குற்றமா?

2010-இல் "எந்திரன்" வந்தபோது, குமுளி மலைப்பாதையில் ஜீப்பில் நெருக்கியடித்து இறங்கிக் கம்பத்தில் படம் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். பாலக்காட்டு எல்லையில் உள்ளோருக்குப் பொள்ளாச்சி எப்படியோ, எங்களுக்குக் கம்பம் அப்படி. எட்டு வயதில் எனக்கு நினைவில் நின்றவை, சிட்டி இரயிலின் மேல் ஓடியதும், நூறு சிட்டிகள் ஒன்றாய் உருண்டதுமே. அந்த வயதுக்கு அது தகும்.

வளர்ந்தபின் பார்க்கும்போது வேறொரு காட்சி முன்னே வந்து நிற்கிறது. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து மக்களைக் காக்கும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து, கூட்டத்தின் நடுவே நிறுத்திவிடுகிறது. அவள் நாணம் தாளாமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டி கட்டளையை மீறியதா? இல்லை, கட்டளையைச் செவ்வனே நிறைவேற்றியது. உயிரைக் காப்பாற்று என்பது கட்டளை. மானம் என்று ஒன்று உண்டு என்பதை அதற்கு எவரும் கூறவில்லை.

இயந்திரம் மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்னும் விதியை எழுத்தாளர் அசிமோவ் 1942-லேயே கதையில் வகுத்தார். ஆனால் தீங்கு என்பது யாது? அதை வரையறுப்பவர் யார்? இன்று கணிப்பொறிக்கு அறிவூட்டும் துறையினர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கல் இதுவே. நாம் சொல்லாமலே புரிந்துகொள்வோம் என்று விட்டுவிடும் பண்பாடு முழுவதையும் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அதை யார் வாயால் சொல்வது? நகரத்து மேதை சொன்னால், மலைத்தோட்டத்துப் பெண்ணின் மானமும் வலியும் அந்தப் பட்டியலில் இடம் பெறுமா?

காலமும் கைக்கடிகாரமும்

காலப் பயணத்தைத் தமிழில் சுவையாகச் சொன்ன படம் ஆர். இரவிக்குமாரின் "இன்று நேற்று நாளை" (2015). எதிர்காலத்திலிருந்து வந்த கால இயந்திரம் இரண்டு இளைஞர் கையில் கிடைக்கிறது. அவர்கள் உலகை ஆளப் புறப்படவில்லை. காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் தொழில் நடத்துகிறார்கள்! இதுவே அப்படத்தின் உயிர். வேலையில்லாத நம் ஊர் இளைஞனிடம் கால இயந்திரம் கிடைத்தால் அவன் வேறென்ன செய்வான்? ஆனால் ஒருமுறை இறந்தகாலத்தில் அவர்கள் அறியாமல் குறுக்கிட, இறந்திருக்க வேண்டிய கொடியவன் ஒருவன் பிழைத்துவிடுகிறான். அதன் விளைவு நிகழ்காலத்தில் அவர்கள் தலையிலேயே விடிகிறது.

பின்னோக்கிப் போவது கதையோடு சரி. ஆனால் காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பது கதையன்று. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கை கூறுகிறது. நம் கைப்பேசிக்கு வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்புக் குறைவு. ஆகவே கடிகாரம் விரைகிறது. செயற்கைக்கோளின் வேகம் அதைச் சற்றே மந்தமாக்கினாலும், இரண்டையும் கழித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும். இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தவறு சேர்ந்துவிடும். குமுளியில் நிற்பவரைக் கீழே கூடலூர்ப் பக்கத்து வயலில் நிற்பதாகக் காட்டும்!

இந்த விதியைப் பிழையறப் பயன்படுத்திய படம் "இன்டர்ஸ்டெல்லர்" (2014). அதற்கு ஆலோசனை கூறியவர், 2017-இல் நோபல் பரிசு பெற்ற கிப் தோர்ன். கருந்துளைக்கு அருகேயுள்ள கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டுகள் கழிந்துவிடும். அங்கே சில மணி நேரம் சிக்கித் திரும்பிய தந்தை, தன் பிள்ளைகள் இருபத்து மூன்று ஆண்டுகளாக அனுப்பி வைத்த செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக் கண்ணீர் வடிக்கிறார். சமன்பாடு தெரியாதவரும் அக்காட்சியில் சார்பியலை உணர்ந்துவிடுவர். விடுதியிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய், வாசலில் நிற்கும் தாயின் தலையில் நரை கூடியிருப்பதைக் காணும் மாணவருக்கு அது இன்னும் எளிதில் விளங்கும். போனவனின் கடிகாரமும் இருந்தவளின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை.

யார் வீட்டில் இருப்பது?

இங்கேதான் நான் மிகவும் மதிக்கும் படத்துக்கு வருகிறேன். அது மலையாளப் படம்: 2019-இல் இரதீஷ் பாலகிருஷ்ண பொதுவாள் இயக்கிய "ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்". 2022-இல் "கூகுள் குட்டப்பா" என்று தமிழிலும் வந்தது. பையனூரில் ஒரு முதியவர். புதுமை எதையும் விரும்பாதவர். மகன் வேலைக்காக ருசியா போகிறான். தந்தையைக் கவனிக்க ஆள் நிலைக்கவில்லை. ஆகவே மகன் ஓர் இயந்திர மனிதனைக் கொண்டுவந்து வீட்டில் விடுகிறான். முதலில் வெறுத்த முதியவர், பின்னர் அதையே மகனாக எண்ணத் தொடங்குகிறார்.

இது நடக்கக் கூடியதா? நடந்திருக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைசன்பாம் என்பவர் "எலிசா" என்னும் சிறிய கணிப்பொறி நிரலை எழுதினார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வித்தை. ஆனால் அவருடைய செயலாளரே அதனுடன் உரையாடத் தொடங்கியதும், தனிமை வேண்டும், வெளியே செல்லுங்கள் என்று அவரையே கேட்டுக்கொண்டார்! கேட்கும் செவி ஒன்று இருப்பதாகத் தோன்றினாலே மனித மனம் நெகிழ்ந்துவிடுகிறது. முதியவரின் அன்பு இயந்திரத்தின் சிறப்பைக் காட்டவில்லை. அவருடைய தனிமையின் ஆழத்தைக் காட்டுகிறது.

நண்பர்களே, இந்த வினா நம்முடையது அல்லவா? தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, படிப்பின் கைப்பிடித்து வெளியேறியவர்கள் நம்மில் பலர். அங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்துப் பதிவேட்டில் இருந்தால்தான் லயத்து வீடு நிலைக்கும். இல்லையேல், வேலை ஓய்ந்ததும் வீட்டை விட வேண்டும். பிள்ளை படித்து மேலேறினால் தாய் தந்தையரின் கூரை ஆட்டம் காண்கிறது. கொழுந்து கிள்ளும் விரல்களுக்குத் துணையாகவும் மாற்றாகவும் கத்தரியும் மோட்டார்ப் பொறியும் வந்துவிட்டன. குஞ்ஞப்பனைப் போன்ற ஒன்று நாளை லயத்துக்கும் வரலாம், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம், மருந்தை நினைவூட்டலாம். பதிவேட்டில் அதன் பெயரை எழுதுவார்களா? வீடு நிலைக்குமா? எந்தப் படமும் இதை இன்னும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவர்கள் நாமே. விஞ்ஞானமும் கற்றிருக்கிறோம், அந்தக் கூரையின் கீழும் வாழ்ந்திருக்கிறோம். இரண்டும் ஒருங்கே வாய்த்தவர்கள் பலரல்லர். ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: திங்கள்தோறும் ஒரு விஞ்ஞானப் படத்தைத் திரையிடுவோம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கலைந்துவிடாமல் ஒரு மணி நேரம் உரையாடுவோம். இப்படம் எதை மாற்றியது, எதை மாற்றாமல் வைத்தது, யாரைக் கணக்கில் சேர்க்க மறந்தது என்னும் மூன்று கேள்விகள் போதும். அடுத்த இதழுக்குள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரை நிலைக்களமாகக் கொண்டு ஒருபக்கக் கதை எழுதுவோம். ஒன்றை மட்டும் மாற்றி எழுதுவோம். முதற்படத்துக்கு "கலை அரசி"யையே வைத்துக்கொள்ளலாம். இடம் போதாதவர் திரைக்குப் பின்னால் அமரவும் தடையில்லை!