கனவுத் தேவதையின் பெயர் பூண்ட மருந்து

நோய் முற்றிப் படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவர், எதிர்ச்சுவரைக் காட்டி, அங்கே எறும்புகள் சாரை சாரையாய் ஊர்கின்றன என்றோ, காலமாகிப் பல வருஷங்களான தம் தாயார் கால்மாட்டில் வந்து நிற்கிறார் என்றோ சொல்வாராயின், சூழ்ந்திருக்கும் பந்துக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, 'கூப்பிட வந்துவிட்டார்கள்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வது நம் வீடுகளில் பழகிப்போன காட்சி. ஆயினும் வெளியூர் உறவினருக்குச் சொல்லியனுப்புமுன், அவர் இன்று எவ்வளவு நீர் அருந்தினார், சிறுநீர் ஒழுங்காகப் பிரிந்ததா என்று விசாரிப்பது உசிதம். வலிக்காகக் கொடுத்த மார்ஃபினே அந்தத் தாயாரை அழைத்து வந்திருக்கலாம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் மருந்துக்கடை உதவியாளராயிருந்த ஸெர்ட்யூர்னர் என்ற இளைஞர், அபினியின் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தேவதையான மார்ஃபியஸின் பெயரையொட்டி அதற்கு நாமகரணம் செய்தார். பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் சாட்சி: வலியேதுமின்றிப் பரீட்சார்த்தமாக மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்ட அவர், கதவில் தொங்கிய அங்கியின் கைப்பகுதியிலே, 1415-இல் நிகழ்ந்த அஜின்கோர்ட் யுத்தத்தின் சேனைகள் சிற்றுருவில் அணிவகுப்பதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக் கிடந்தாராம்.

உடலில் சென்ற மார்ஃபினைக் கல்லீரல் வேறு சில பொருள்களாக மாற்ற, அவற்றைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. முதுமையாலோ, நீர் வற்றியதாலோ, நோயின் கொடுமையாலோ சிறுநீரகம் தளர்ந்துவிட்டால், முந்தாநாள் வரை ஒத்துக்கொண்ட அதே அளவு இன்று இரத்தத்தில் தேங்கி, கைகால்களை வெட்டி வெட்டி இழுக்கச் செய்து, இல்லாததைக் கண்முன் காட்டத் தொடங்குகிறது. வலிக்குச் சிறு அளவில் தரப்படும் கெட்டமின் செல்லும் வழி வேறு. அது தன் சரீரத்தைத் தானே தள்ளி நின்று பார்ப்பது போன்ற மயக்கத்தை உண்டாக்கும்.

துயரம் என்னவெனில், தாம் காண்பது பிரமை என்று பல நோயாளிகள் தாமே அறிந்திருந்தும், பைத்தியம் என்று பெயர் சூட்டிவிடுவார்களோ, உள்ள மருந்தையும் நிறுத்தி வலியின் வாயில் தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சி, எறும்புகளோடு தனியே இரவைக் கழிக்கிறார்கள். இந்த இரண்டாவது அச்சத்துக்கு அவசியமேயில்லை. அனுபவமுள்ள வைத்தியர் காய்ச்சல், இரத்தத்தில் சுண்ணாம்பு உப்பின் மிகுதி, உடன் உண்ணும் தூக்க மாத்திரை ஆகிய பிற காரணங்களையும் ஆராய்ந்து, நீரேற்றி, அளவைக் குறைப்பார். இல்லையேல் சிறுநீரகத்தை அவ்வளவாகச் சாராத ஃபென்டனைல் போன்ற வேறு வலிமருந்துக்கு மாற்றுவார். தேவைப்பட்டால் பிரமையைத் தணிக்கச் சிறிது ஹாலோபெரிடால் சேர்ப்பார். வீட்டார் தாமாகவே மருந்தைச் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து: அடங்கியிருந்த வலி திரும்புவதோடு, பழகிய உடல் வியர்த்து, நடுங்கி, வயிற்றுப்போக்கும் கண்டு அல்லற்படும். மாற்றம் முறையாக நடந்தால், பெரும்பாலும் சில நாட்களில் சுவர் வெறும் சுவராகிவிடும்; தாயார் வராத அன்று மாலை, அவரைத் தேடிக் கால்மாட்டைப் பார்க்கும் நோயாளிகளும் உண்டு.