14 நிமிடத்தில் ஒரு நாள்

‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டிலும் மரத்திலிருந்து பால் இறக்கும் வேலை உண்டு. ஓக் மரத்தில் ஒரு வடிகலத்தை மாட்டிவிட்டால் 7 நாளில் பிசின் கிடைக்கும். மேப்பிள் என்றால் 9 நாளில் பாகு. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் ஈப்போவில் உட்கார்ந்து இதை ஆடலாம். அந்த 7 நாள் எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்காகவே எழுதத் தோன்றியது.

2016இல் எரிக் பரோன் என்ற அமெரிக்கர் தனி ஆளாக உருவாக்கிய விளையாட்டு இது. நம்முடைய 7 வினாடி அங்கே 10 நிமிடம். காலை 6 மணிக்கு எழுந்தால் நள்ளிரவு தாண்டி 2 மணி வரை ஒரு நாள். நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். பருவத்துக்கு 28 நாள், 4 பருவம், ஆண்டுக்கு 112 நாள். விடாமல் ஆடினால் ஓர் ஆண்டு சுமார் 26 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கணினி இதை எண்ணும் முறை எளிது. திரையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், போன முறையிலிருந்து எத்தனை மில்லிவினாடி கழிந்தது என்று பார்த்துக் கூட்டிக்கொண்டே வரும். கூட்டுத்தொகை 7 வினாடியைத் தொட்டதும் கடிகாரம் 10 நிமிடம் நகரும். பழைய விளையாட்டுகள் சில, கழிந்த நேரத்தைப் பார்க்காமல் திரை மாறும் எண்ணிக்கையையே நம்பின. வேகமான கணினியில் போட்டால் தலைதெறிக்க ஓடின. ஸ்டார்டியூ வேலியைத் தனியாக ஆடும்போது பையைத் திறந்தால் கூட்டல் நின்றுவிடும். நண்பர்களோடு ஆடினால் நிற்காது. ஒருவர் பையைத் துழாவுகிறார் என்பதற்காக மற்றவர்களின் பொழுதை நிறுத்திவைக்க முடியாதல்லவா?

மரங்களோ இந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. பகல் முழுக்கக் கன்றின் பக்கத்திலேயே நின்றாலும் அது வளராது. நாம் தூங்கப் போனதும்தான் விளையாட்டு ஓக், மேப்பிள் போன்ற ஒவ்வொரு மரத்துக்கும் தாயம் உருட்டுகிறது. ஐந்தில் ஒரு வாய்ப்பு. விழுந்தால் அடுத்த படி, விழாவிட்டால் நாளை இரவு பார்க்கலாம். குளிர்காலத்தில் உரமிடாத மரத்துக்கு உருட்டலே கிடையாது. ஒரே நாளில் நட்ட இரண்டு கன்றுகள் ஒன்றுபோல் வளராததற்கு இதுதான் காரணம். அப்படியும் ஏறத்தாழ ஒரு பருவத்துக்குள் ஓக் பெரிய மரமாகிவிடும்.

நம் ரப்பர் மரத்துக்கு அந்த அவசரம் இல்லை. 1877இல், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் கோலகங்சாருக்கு வந்த மரம் இது. நட்டு 5 முதல் 7 ஆண்டு கழித்தே உளி வைக்கலாம். விளையாட்டின் ஆண்டுக் கணக்கை அப்படியே பிடித்தால், 7 ஆண்டுக்கு 180 மணி நேரத்துக்கு மேல் ஆட வேண்டும். யார் காத்திருப்பார்கள்? அதனால்தான் இத்தகைய விளையாட்டுகளில் எல்லாமே ஒரே அளவில் சுருங்குவதில்லை. பகல் 85 மடங்கு சுருங்குகிறது, மரம் அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் கோடாலியை ஓங்கும் கை சுருங்குவதே இல்லை. என்னைக் கேட்டால், படைப்பாளியின் திறமை முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. ‘அதற்குள் பொழுது போய்விட்டதே’ என்ற தவிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

தோட்டத்தில் அந்தத் தவிப்பு நிஜமானது. விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிறகு நெற்றியில் விளக்கோடு மர நிரைக்குள் நுழைய வேண்டும். அந்த நேரத்தில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை, பட்டைக்குள் பால்குழாய்கள் விம்மி நிற்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, பால் பிடிக்கும் மங்கில் விழும் சொட்டும் குறையும். இதை விளையாட்டுக் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். 5 மணியிலிருந்து 9 மணி வரை வெட்டு என்றால் மூன்று நிமிடம்கூட இல்லை. நிரையில் 500 மரம் இருந்தால், மரத்துக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு!

ரப்பர் தோட்ட விளையாட்டு ஒன்றை யாராவது உருவாக்க வேண்டும் என்பது என் ஆசை. பனிக்கு இங்கே வேலையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பால் குறைவதே அதன் பருவமாகட்டும். மழை பெய்த காலையில் வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையைச் சீவ வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பாலும் நன்றாகவே வடியும். பல ஆண்டு கழித்து, புதுப்பட்டை வளர்ந்த அதே இடத்துக்கு மறுபடி உளி வரும்போது, அங்கே முண்டும் முடிச்சுமாக இருக்கும்.