பின்னால் ஏறியவருக்கு யார் பொறுப்பு?

சாலையில் போகிறவரை வண்டி மோதினால் ‘தேர்டு பார்ட்டி’ காப்பீடு காப்பாற்றும் என்று சென்ற வாரம் பார்த்தோம். வண்டிக்குள்ளேயே இருந்தவர் அடிபட்டால்? முள்ளுக்குறிச்சி போன்ற மலையடிவார ஊர்களில் இந்தக் கேள்விக்குத்தான் வேலை அதிகம்.

கொல்லிமலைக்கு இரண்டு பாதைகள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு காரவள்ளியிலிருந்து ஏறுவது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று முள்ளுக்குறிச்சி வழி. மிளகும் வாழையும் பலாவும் விளைகிற மலை. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ‘குட்டியானை’ என்கிற சிறிய சரக்கு வண்டியின் பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். ஒரு கை வாழைத்தார் மேல், ஒரு கை பக்கத் தகரத்தில். கூலி வேலைக்கும் துக்க வீட்டுக்கும் அதே வண்டிதான்.

சரக்கு வண்டியில் வெறுமனே பயணம் செய்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல. 1999இல் சத்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொறுப்பு உண்டு என்றது. 2002இல் ஆஷா ராணி வழக்கில் அதைத் தள்ளிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்தின்படி, சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடவே வந்தால் பாதுகாப்பு உண்டு. சரி, மிளகு மூட்டையோடு ஏறியவர் தப்பித்தார் என்று நினைக்கலாம். 2007இல் சொல்லேட்டி பாரதம்மா வழக்கில் அதற்கும் ஒரு கட்டு விழுந்தது: சொந்தக்காரர் டிரைவர் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும். குட்டியானை கேபினில் டிரைவர் போக எத்தனை பேர் உட்கார முடியும்?

இழப்பீட்டுத் தொகை சிறியதல்ல. மாதம் பத்தாயிரம் சம்பாதித்த, 38 வயதுள்ள, மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு விவசாயி இறந்ததாக வைத்துக்கொள்வோம். பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் மாதம் 14,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 10,500. சரளா வர்மா தீர்ப்பின் (2009) பட்டியல்படி 15 ஆண்டுக்குப் பெருக்கினால் 18,90,000 ரூபாய். ஈமச்செலவு முதலியவை தனி.

நிறுவனம் கைவிரித்தால் இதெல்லாம் வண்டி உரிமையாளர் தலையில். மாதத் தவணை இன்னும் முடியாத ஒரே வண்டி வைத்திருப்பவரிடம் எதை ஜப்தி செய்வது? தீர்ப்பு குடும்பத்தின் கையில் இருக்கும், பணம் வராது. பயணியைச் சரக்கு வண்டியில் ஏற்றியது தப்புதான். ஆனால் பஸ் குறைவான பாதையில் அந்தத் தப்பின் விலையை ஏறியவரின் குடும்பமே கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2004இல் பல்ஜித் கௌர் வழக்கில், சட்டம் அதுவரை தெளிவில்லாமல் இருந்ததால், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள். வழக்கறிஞர்கள் இன்றும் கேட்டுப் பார்க்கிற நிவாரணம் அது. எல்லா வழக்கிலும் கிடைப்பதில்லை.

லோடு ஏற்றி இறக்க உரிமையாளரே கூலிக்கு அமர்த்தியவரின் கதை வேறு. அவர் தொழிலாளி, பாலிசியில் உரிய இடம் இருந்தால் காப்பீட்டு நிறுவனமே பொறுப்பு. ஆகவே போலீஸிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது யார் எதற்காக ஏறினார், எங்கே உட்கார்ந்திருந்தார், யாருடைய சரக்கு என்பதை நடந்தது நடந்தபடி சொல்லிவிட வேண்டும். பிற்பாடு மாற்றிச் சொன்னால் நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வாக்குமூலத்தின் பேரில் பதிந்த எஃப்.ஐ.ஆரைத்தான். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடும்பம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

(அடுத்த வாரம்: லைசென்ஸ் இல்லாத டிரைவர்)