கேமரா ரிக் ராட்: கார்பனா, அலுமினியமா, ஸ்டீலா? 42 கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக அறிவித்தார்கள். அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். அஞ்சு நாள் ஆபீஸ், சனி ஞாயிறு கேமரா என்று வாழும் நம்ம ஆட்கள் பலருக்கு இப்போ ராஜகிரி ஏறிப் படம் எடுக்கணும்னு ஆசை. ஏறணும்னா வெயிட் குறையணும். வெயிட் குறையணும்னா கார்பன் ஃபைபர் வாங்கணும். இப்படித்தான் கார்ட்டில் ஒவ்வொரு பொருளா ஏறுது.

அந்தப் பொருள்களில் சின்னதான ஒன்றை மட்டும் இன்னைக்கு எடுத்துக்குவோம்: கேமராவுக்கு அடியில் ரெண்டு தண்டவாளம் மாதிரி நீளும் ராட். ஃபாலோ ஃபோகஸ், மேட் பாக்ஸ், பெரிய லென்ஸைத் தாங்கும் சப்போர்ட் எல்லாம் இதில்தான் உட்காரும். சின்ன கேமராக்களுக்கு வருவது 15 எம்எம் தடிமன். ரெண்டு ராட்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையில் 60 எம்எம். சினிமா செட்டில் பார்க்கும் 19 எம்எம் ராட் நமக்குத் தேவையில்லை.

முதல்ல வெயிட் கணக்கு

30 செ.மீ நீளம், 15 எம்எம் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடியின் எடை சுமாராக இப்படி வரும்:

- கெட்டியான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 840 கிராம்
- கெட்டியான அலுமினியம்: 285 கிராம்
- அலுமினியக் குழாய் (சுவர் 1.5 எம்எம்): 103 கிராம்
- அதே அளவு கார்பன் குழாய்: 61 கிராம்

ஸ்டீலிலிருந்து அலுமினியக் குழாய்க்கு வந்தால் முக்கால் கிலோ போயிடுது. அது உண்மையான லாபம். ஆனால் அலுமினியக் குழாயிலிருந்து கார்பனுக்குப் போனால் மிச்சம் 42 கிராம்தான்.

கார்பன் ஜோடி 2,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கோங்க. (நீங்க பார்க்கும் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பண்ணுங்க.) ஒரு கிராமைக் குறைக்க 48 ரூபாய் கொடுக்கறீங்க. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பாதி வழியில் பாட்டிலில் இருந்து ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சாலே அந்த 42 கிராம் பையிலிருந்து குறைஞ்சிடும்!

"ஆனா கார்பன் வளையாதே?"

இதுதான் விற்பவர் சொல்லும் அடுத்த வரி. பாதி உண்மை. ஸ்டீல் அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு விறைப்பு. கார்பன் குழாயின் விறைப்பு, உள்ளே நார் எந்தத் திசையில் ஓடுது என்பதைப் பொறுத்தது. சில குழாய் அலுமினியம் அளவுக்குத்தான் இருக்கும், சிலது ரெண்டு மடங்கு இருக்கும். மேலே தெரியும் பின்னல் டிசைனைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இப்போ விலையே இல்லாத ஒரு விஷயம். ஒரு முனையைப் பிடித்து மறு முனையில் சுமை வைத்தால், ராட் வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். கிளாம்புக்கு வெளியே 30 செ.மீ நீட்டியிருப்பதை 20 செ.மீ ஆக்கினால், வளைவு 30 சதவீதத்துக்கு இறங்கிடும். அதாவது அலுமினியத்தை விட்டு ஸ்டீலுக்குப் போனால் என்ன கிடைக்குமோ, கிட்டத்தட்ட அதே பலன். செலவு பூஜ்யம், வெயிட்டும் குறையுது.

குழாய் என்றால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அலுமினியக் குழாயில் கெட்டி ராடின் எடையில் 36 சதவீதம்தான் இருக்கு, ஆனால் விறைப்பில் 59 சதவீதம் நிற்குது. வளைவைத் தாங்குவதில் பெரிய பங்கு வெளி விளிம்புக்குத்தான். நடுவில் இருக்கும் உலோகம் பெரும்பாலும் சும்மா சம்பளம் வாங்கும் ஆள்.

அப்போ யாருக்கு எது?

*அலுமினியக் குழாய்:* மிரர்லெஸ் கேமரா, ஒரு லென்ஸ், சின்ன மானிட்டர் வெச்சிருக்கும் பெரும்பாலோருக்கு இதுவே போதும். முனையில் மரை (எம்12) இருக்கும் ராடாப் பாருங்க. குட்டை ராட் ரெண்டை இணைச்சு நீளமாக்கலாம். நீளமான ஒன்றை வாங்கி அறுப்பதைவிட இது மேல்.

*கார்பன்:* பெரிய லென்ஸ், தினமும் தோளில் ரிக், அந்த வேலைக்குச் சம்பளம் வருது என்றால் யோசிக்கலாம். வெயிலில் உலோகம் அளவுக்குக் கையைச் சுடாது, அது நிஜமான வசதி. ஆனால் கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் குழாய் நசுங்கிப் பிளந்துடும்.

*ஸ்டீல்:* தோள் ரிக்கில் முன்னால் கனம் அதிகமா இருந்தால், பின்பக்கம் ஸ்டீல் ராட் போடலாம். அங்கே எடைதான் வேலை செய்யுது. மரக்காணம், புதுச்சேரி மாதிரி உப்புக் காற்றிலும் ஸ்டெயின்லெஸ் நல்லா தாங்கும்.

எதை வாங்கினாலும் வெர்னியர் வைத்து 15 எம்எம் சரியா இருக்கான்னு பாருங்க. கொஞ்சம் ஒல்லியா இருந்தாலும் கிளாம்ப் வழுக்கும், மேலே இருக்கும் லென்ஸ் ஆபத்தில். ராடில் மிச்சம் பிடிச்சு லென்ஸைத் தொலைப்பது சிக்கனம் இல்லை.

"டாக்ஸ்ல கழிச்சிக்கலாம் சார்"

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. உங்களுக்குச் சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றால், கேமரா செலவில் ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. புது வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு எல்லாருக்கும் ஒன்றுதான், ரிக் வாங்கினால் அது கூடாது.

வார இறுதியில் கல்யாண ஷூட் செய்து, அந்த வருமானத்தைக் கணக்கில் காட்டுறீங்களா? அப்போ தேய்மானம் கேட்கலாம், வருடத்துக்கு 15 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. ஜனவரியில் 30,000 ரூபாய்க்கு முழு ரிக் வாங்கினால் அந்த வருடம் 2,250 ரூபாய் கழிவு. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து மிச்சம் 468 ரூபாய். முப்பதாயிரம் செலவழிக்க இது ஒரு காரணமா? உத்தேச வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு இந்தத் தேய்மானமும் தனியாகக் கிடையாது.

பில் உங்க பெயரில் வாங்குங்க. 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய பொருளுக்குத் தேய்மானம் கேட்க முடியாது.

"நோ காஸ்ட் இஎம்ஐ" பட்டனை அழுத்தும் முன் பிராசஸிங் கட்டணத்தையும், வட்டித் தொகை மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியையும் பாருங்க.

செஞ்சிக்கே கிளம்புறீங்களா? கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு. வணிக ஷூட்டுக்கு முன்அனுமதி வேண்டும். டிரைபாட் கொண்டு போவதா இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

கடைசியா ஒரே வரி: முதலில் ராடைக் குட்டையாக்குங்க, அப்புறம் குழாயாக்குங்க. அதற்கப்புறமும் ரிக் ஆடினால் மட்டும் கார்பனுக்குப் பர்ஸைத் திறங்க. மிச்சமான 2,000 ரூபாயை அடுத்த மாத எஸ்ஐபியோடு சேர்த்துப் போடுங்க. எடைக் கணக்கை வேறு நீளத்துக்குப் போட்டுப் பார்ப்பது எப்படின்னு வீடியோவில் காட்டியிருக்கேன். உங்க ரிக் என்ன எடை வருதுன்னு கமெண்டில் சொல்லுங்க.