காந்தம் அளக்கும் பிராணவாயு

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் மனிதன் உயிர் தாங்கியிருத்தல் கூடும். பிராணவாயு இன்றேல் சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இவ்வாயு உள்ளது. ஆயினும் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அது குறைவதை நம் புலன்கள் அறிவிப்பதில்லை. மூடிய இடத்தில் இருப்போர் பலர், யாதொரு முன்னறிவிப்புமின்றி மயங்கி வீழ்வதுண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வபாயம் நீர்மூழ்கிக் கப்பல்களில் பெரிதும் உணரப்பட்டது. கடலடியில் அடைபட்ட காற்றில் பிராணவாயு குறைந்தால் மாலுமிகளின் அறிவு மழுங்கும். மிகுந்தாலோ தீ எளிதில் பற்றும். அதன் அளவை உடனுக்குடன் காட்டும் கருவி ஒன்று வேண்டுமென்று, 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் தம் நாட்டு விஞ்ஞானிகளைக் கேட்டனர். கலிபோர்னியாவைச் சேர்ந்த இரசாயனப் பேராசிரியர் லைனஸ் பாலிங் அப்பணியை மேற்கொண்டார்.

பிராணவாயுவைக் காந்தம் தன்பால் ஈர்க்கும் என்பதை மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். நைட்ரஜன், கரியமிலவாயு முதலியவற்றைக் காந்தம் சிறிதளவு விலக்கவே செய்யும். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? பெரும்பாலான வாயுக்களின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து, ஒன்றன் காந்த ஆற்றலை மற்றொன்று அழித்துவிடுகின்றன. பிராணவாயுவின் மூலக்கூறிலோ இரண்டு எலக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்கின்றன. ஆதலின் அம்மூலக்கூறு ஒரு நுண்ணிய காந்தம் போல இயங்குகிறது. நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற மிகச் சில வாயுக்களே இப்பண்பில் அதனை ஒத்தவை.

இவ்வுண்மையே பாலிங்கின் கருவிக்கு அடிப்படையாயிற்று. உள்ளீடற்ற இரு சிறு கண்ணாடிக் குமிழ்களை ஒரு தண்டின் இரு முனைகளிலும் பொருத்தினார். அதன் நடுவே ஒரு சிறு கண்ணாடியை அமைத்து, மயிரினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் அதனைக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். சோதிக்கவேண்டிய காற்று உள்ளே செல்லும்போது, அதிலுள்ள பிராணவாயு காந்த வலிமை மிக்க இடத்தை நாடிச் செல்கிறது. நீர் தக்கையை மேலே தள்ளுவதுபோல, அவ்வாயு குமிழ்களை அவ்விடத்தினின்றும் வெளியே தள்ளுகிறது. தண்டு திரும்புகிறது, இழை முறுக்கேறுகிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் அளவுகோலின் மீது நகர்ந்து, பிராணவாயுவின் அளவைக் காட்டுகிறது. பிற்காலக் கருவிகளில், திரும்ப முயலும் தண்டை மின்னோட்டம் தன் நிலையிலேயே நிறுத்துகிறது. அதற்குத் தேவைப்படும் மின்னோட்டமே பிராணவாயுவின் அளவாகிறது.

வெப்பம் ஏறினால் பிராணவாயுவின் காந்தப் பண்பு குறையும். அழுத்தம் ஏறினால் அளவுகோலின் எண்ணும் ஏறும். ஆதலின் இவ்விரண்டையும் கருதியே கருவியைச் சரிசெய்தல் வேண்டும்.

போருக்கெனப் பிறந்த இக்கருவி, பின்னர் மருத்துவமனைகளுக்கும் வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் காக்கும் பொருட்டு, அவர்கள் வைக்கப்பட்ட பெட்டிகளில் பிராணவாயுவை மிகுதியாகச் செலுத்தினர். அம்மிகுதியே குழந்தைகள் பலரின் கண்ணொளியைப் பறித்தது என்பது 1950-களில் உறுதியாயிற்று. குறைந்தால் உயிருக்கு இடர். மிகுந்தால் கண்ணுக்குக் கேடு. ஆகவே, அளந்தறிந்து கொடுத்தல் இன்றியமையாததாயிற்று.

இன்று அறுவைச் சிகிச்சைக் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் இம்முறையில் இயங்கும் கருவிகள் பயன்படுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். உயிர் தரும் காற்றுக்கும் அது பொருந்தும்.