மொட்டைத் தரைக்கு முடி முளைக்குமா?

என்ன குட்டீஸ்... நீங்கள் தினமும் விளையாடும் இடத்தை ஒரு முறை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

வீட்டு முன்புறமோ, பள்ளி மைதானமோ, அடுக்குமாடி குடியிருப்பின் பின்பக்கமோ... எதுவாக இருந்தாலும் சரி. ஓரத்தில் பச்சைப் பசேலென்று புல் இருக்கும். பந்து போட ஓடி வரும் இடத்திலும், பேட்ஸ்மேன் நிற்கும் இடத்திலும் மட்டும் தாத்தாவின் தலை போல வழுக்கை விழுந்திருக்கும்! வெயிலில் புழுதி, மழையில் சேறு. இதைப் பார்க்கும் பெரியவர்கள், 'பேசாமல் சிமென்ட் போட்டு விடலாம்' என்பார்கள்.

போட்டு விட்டால் அவ்வளவு தான். விழுந்தால் முட்டி பெயரும். சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. மழை நீர் பூமிக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடி விடும். தமிழகத்தில் எல்லா கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003ல் சட்டம் வந்தது. புல் முளைத்த மண் தரை, செலவே இல்லாத மழைநீர் சேகரிப்பு!

சிமென்ட் மூட்டை வருவதற்குள் அந்த வழுக்கையில் புல் முளைக்க வைக்க முடியுமா? முடியும். உங்களுக்கு உதவ ஒரு குட்டி பயில்வான் தயாராக இருக்கிறார்.

பிள்ளையாரின் நண்பர்

அந்த பயில்வான் யார் தெரியுமா? பிள்ளையாருக்கு மாலையாகப் போடுகிறோமே, அதே அருகம்புல்!

'ஆல் போல் தழைத்து, அருகு போல் வேரோடி' வாழ வேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். சும்மா சொல்லவில்லை. அருகம்புல் மூன்று வழிகளில் பரவுகிறது. தரைக்கு மேல் கயிறு போல ஓடும் தண்டு ஒன்று. மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டு ஒன்று. போதாததற்கு விதை வேறு. ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் கீழே வேரும், மேலே இலையும் விடும். வறட்சியில் இதன் வேர், தண்ணீரைத் தேடி 1 மீட்டருக்கும் கீழே இறங்கும்.

வெயில் என்றால் இதற்குக் கொண்டாட்டம். நெல் போன்ற செடிகள், கடும் வெயிலில் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத் துளைகளை மூடிக் கொள்ளும். அதனால் உணவு தயாரிப்பும் குறைந்து விடும். கரும்பு, சோளம், கேழ்வரகு, அருகம்புல் இவையெல்லாம் வேறு கூட்டணி. இவற்றை, 'சி4' தாவரங்கள் என்பர். காற்றில் இருந்து கிடைக்கும் கொஞ்சம் கரியமில வாயுவையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வேகமாக உணவு தயாரித்து விடும்.

ஆங்கிலத்தில் இதற்கு, 'பெர்முடா கிராஸ்' என்று பெயர். ஆனால், பெர்முடா தீவு இதன் பூர்வீகம் இல்லை. நம் பக்கத்து உலகில் இருந்து அங்கே போய், பெயரை மட்டும் வாங்கி வந்திருக்கிறது!

'டிவி'யில் விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அங்கே 2001 முதல், 'ரை கிராஸ்' என்ற புல்லை மட்டுமே விதைக்கின்றனர். 8 மி.மீ., உயரத்துக்கு வெட்டுகின்றனர். அது குளிர் நாட்டுப் பிள்ளை. நம்ம ஊர் மே மாதத்தில் வாடிப் போய் விடும்.

வழுக்கைக்கு யார் காரணம்?

புல் நடுவதற்கு முன், நீங்கள் கொஞ்சம் துப்பறியும் வேலை பார்க்க வேண்டும். காரணத்தைப் பிடிக்காமல் புல்லை நட்டால், அதுவும் செத்துப் போகும்.

* இறுகிய மண்: தண்ணீர் ஊற்றி, மறுநாள் ஒரு ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் நல்ல மண். இறங்க மறுத்தால், நீங்கள் எல்லாரும் ஓடி ஓடி மிதித்து மண்ணைக் கல்லாக்கி விட்டீர்கள் என்று அர்த்தம். வேருக்குக் காற்றும் போகாது, நீரும் போகாது.

* நிழல்: அருகம்புல்லுக்கு தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மாமரத்தின் அடியில் வழுக்கை என்றால், அருகம்புல்லைத் திட்டிப் பயனில்லை. நிழலை ஓரளவு தாங்கும், 'பஃபலோ கிராஸ்' வகையை நர்சரியில் கேட்டு வாங்கலாம். அல்லது அங்கே உதிர்ந்த இலைகளைப் பரப்பி, கதை படிக்கும் இடமாக வைத்துக் கொள்ளலாம்.

* நம்ம ஜிம்மி: வட்டமாகக் கருகி, சுற்றிலும் மட்டும் அடர் பச்சையாக இருக்கிறதா? நாய் சிறுநீர் கழித்த இடம். அதில் தழைச்சத்து அதிகம். அளவோடு போனால் உரம், அதிகமானால் நெருப்பு. ஜிம்மி போன கையோடு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

* கோரை: புல் போலவே இருக்கும், ஆனால் புல் இல்லை. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். முக்கோணமாகத் தட்டுப்பட்டால் கோரை. மேலே பிடித்து இழுத்தால் கிழங்கு மண்ணிலேயே தங்கி, மறுபடி முளைக்கும். மண் ஈரமாக இருக்கும் போது களைக்கொத்தால் தோண்டி, கிழங்கோடு எடுக்க வேண்டும்.

வேலையை ஆரம்பிப்போமா?

முதலில், மொத்த மைதானத்தையும் எடுத்துக் கொள்ளாதீர்கள். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அவ்வளவு தான் உங்கள் பங்கு. பத்து நண்பர்கள் சேர்ந்தால் பத்து சதுர மீட்டர்!

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது புல்லுக்கும் பொருந்தும். ஆடியில் நட்டால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் பிடித்து விடும். அடைமழை நேரத்தில் நட்டால் மண்ணோடு சேர்த்து அடித்துக் கொண்டு போய் விடும்.

1. கல், கண்ணாடித் துண்டு, களை எல்லாவற்றையும் எடுங்கள். பெரியவர் ஒருவரைக் கடப்பாரையாலோ, மண்வெட்டியாலோ அரை அடி ஆழத்துக்குக் கொத்தித் தரச் சொல்லுங்கள்.

2. நன்றாக மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு சட்டி கலந்து, பலகையால் தட்டிச் சமப்படுத்துங்கள். பள்ளம் இருந்தால் நீர் தேங்கி வேர் அழுகும்.

3. ஓரத்தில் செழிப்பாக இருக்கும் அருகம்புல் கொடிகளைப் பறித்து, விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கணுவாவது இருக்க வேண்டும். வெட்டிய உடனே ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள், காய்ந்தால் முளைக்காது.

4. ஒரு சாண் இடைவெளி வேண்டாம். அரை சாண், அதாவது 10 செ.மீ., இடைவெளியில் நடுங்கள். ஒரு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. வரிசைக்கு 10 வீதம் 10 வரிசை. மொத்தம் 100 துண்டுகள்!

நட நேரமில்லையா? தோட்டக்காரர்கள் செய்யும் இன்னொரு வழி உண்டு. புல் துண்டுகளை மண், சாணம், தண்ணீருடன் பிசைந்து, அடை மாவு பதத்தில் தரையில் பூச வேண்டும். மேலே மெல்லிதாக மண் தூவி நீர் தெளித்தால், இரண்டு, மூன்று வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும்.

வேர் பிடிக்கும் வரை தினமும் பூவாளியால் நீர் தெளியுங்கள். சுற்றிலும் நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டுங்கள். ஆடுகளம் ஒரு மாதம் இடம் மாறட்டும். இது தான் ரொம்பக் கஷ்டமான கட்டம் குட்டீஸ்... புல் வளர்ப்பது அல்ல. 'கயிறுக்குள்ளே போகாதே' என்று நண்பர்களைத் தடுப்பது!

தண்ணீருக்கு எங்கே போவது?

நல்ல கேள்வி. வேர் பிடித்த பின் தினமும் ஊற்ற வேண்டியதில்லை. தினமும் கொஞ்சமாக ஊற்றினால் வேர் சோம்பேறியாகி மேலேயே நின்று விடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதிகாலையில், அரை அடி ஆழம் நனையும்படி ஊற்றினால், வேர் கீழே இறங்கும்.

ஒரு கணக்கு பார்ப்போமா? 1 சதுர மீட்டரில் 1 மி.மீ., மழை பெய்தால், அது 1 லிட்டர். வெயில் காலத்தில் வாரம் 25 மி.மீ., கொடுத்தால், உங்கள் பங்குக்கு 25 லிட்டர். அதாவது, இரண்டு குடம் கூட இல்லை. ஆனால், 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 2,500 லிட்டர். 160 குடத்துக்கும் மேல்!

கடந்த 2019ம் ஆண்டு கோடையில், சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு போயின. குடிநீருக்கே மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தனர். அப்படிப்பட்ட நாட்களில் புல்லுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது தப்பு. அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றுங்கள். சோப்பு நீர் வேண்டாம்.

அதுவும் இல்லையா? விட்டு விடுங்கள். அருகம்புல் பழுப்பாகி, செத்தது போல் கிடக்கும். மண்ணுக்குள் தண்டு தூங்கிக் கொண்டிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்யட்டும்... சில நாட்களில் பச்சையாக எழுந்து நிற்கும்!

முடி வெட்டும் முறை

புல் வளர்ந்த பின், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. இலை தான் அதன் சமையல் அறை. மொத்தமாக வெட்டினால் பட்டினி கிடக்கும். மூன்று செ.மீ., உயரம் விட்டால், வெயிலில் மண் காயாமல் மூடிக் கொள்ளும். வெட்டிய பொடிப் புல்லை அங்கேயே விட்டு விடுங்கள். மக்கி உரமாகி விடும்.

வருடம் ஒரு முறை, மண் ஈரமாக இருக்கும் போது ஆங்காங்கே குத்தித் துளை போட்டு, அதில் சலித்த எருவைத் தூவினால் மறுபடியும் வழுக்கை விழாது.

ஒரு எச்சரிக்கை!

உலகின் மோசமான களைகளைப் பற்றி 1977ல் வெளியான ஒரு பிரபல நூலில், முதல் இடம் கோரைக்கு. இரண்டாவது இடம் யாருக்கு தெரியுமா? நம்ம அருகம்புல்லுக்கு! வயலில் புகுந்தால் விவசாயியைப் பாடாய்ப் படுத்தி விடும். அதனால், அம்மாவின் கீரைப் பாத்திக்கும் உங்கள் புல்லுக்கும் நடுவே ஒரு வரிசை செங்கல் பதித்து, எல்லை தாண்டும் கொடியை அவ்வப்போது வெட்டுங்கள்.

ஒரே புல் தான். வயலில் வில்லன், மைதானத்தில் ஹீரோ!

சரி... பெரியவர்களிடம் போய் தைரியமாகக் கேளுங்கள்: 'தீபாவளி வரைக்கும் எங்களுக்கு டைம் கொடுங்கள். புல் வரவில்லை என்றால் சிமென்ட் போடுங்கள்' என்று. பிறகு ஒரு நோட்டில், வாரா வாரம் எத்தனை துண்டு துளிர்த்தது என்று எண்ணி எழுதுங்கள். நூறில் அறுபது பிழைத்தாலே போதும்... மீதி இடத்தை அவையே ஓடி நிரப்பி விடும்.

அப்புறம் என்ன? செருப்பைக் கழற்றி வைத்து விட்டு, காலையில் பனி ஈரத்தோடு அதன் மேல் ஒரு நடை நடந்து பாருங்கள் குட்டீஸ்!