ஏரி வற்றியது, புழுதி எழுந்தது

ஈரானின் கிழக்கு எல்லையில் உள்ள ஸாபோல் நகரில் கோடை முழுக்கக் காற்று ஓயாது. ஊர்க்காரர்கள் வைத்த பெயரே '120 நாள் காற்று'.

பக்கத்து ஹாமூன் ஏரிகளில் தண்ணீர் நின்றவரை அந்தக் காற்றுக்கு அள்ள மண் அதிகம் கிடைக்கவில்லை. ஈரம் ஒருபுறம் காத்தது. நாணல் வேர்கள் சேற்றை இறுகப் பிடித்தன, நெருங்கி நின்ற தண்டுகள் தரையோரக் காற்றைத் தளர்த்தின. அதே நாணலைக் கட்டாகக் கட்டி, தோணியாக்கி மீன் பிடித்தார்கள்.

ஆப்கானிஸ்தானிலிருந்து இந்த ஏரிகளுக்கு வரும் ஹெல்மண்ட் ஆற்று நீர் குறைந்தது. 1990களின் இறுதியில் கடும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, ஏரிப்படுகை பாளம் பாளமாக வெடித்தது. மாவு போன்ற அந்த வண்டல்தான் இன்று ஸாபோல் மக்களின் மூச்சை அடைக்கிறது.

இந்தப் புழுதியை அடக்க மரம் நடுவது மட்டும் போதாது. ஆற்று நீரைப் பகிர இரு நாடுகளும் 1973இல் ஒப்பந்தம் செய்தன. ஏரிக்கும் அதில் உரிய பங்கு வந்து சேர வேண்டும். வெள்ளம் வரும் ஆண்டுகளில் படுகை நனைகிறது, நாணல் மறுபடி துளிர்க்கிறது.